இரு ஏரிகளுக்கு நடுவே ஒரு கலைப் பாடசாலை

எமது கிராமங்களில் மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும் வேளையில், யாராவது ஒரு தாய் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்பார். "மிஸ், பிள்ளையை விடுதியில விட்டுப் படிப்பிக்கலாமோ? நல்லதோ கெட்டதோ?" ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிடைத்த பிள்ளையாக இருக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத ஊரின் பிள்ளையாக இருக்கும். சில வேளை நன்றாக ஓடும் பிள்ளை, நன்றாகப் பாடும் பிள்ளை. அந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாக ஏதோ ஒரு பதிலைச் சொல்லி வந்திருக்கின்றேன். அந்தப் பதில் போதாது என்பதை 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், நம் நாட்டிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஒரு காட்டுக்குள் வைத்துத்தான் உணர்ந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

கனடாவின் ஸ்காபரோவில் என் பெரியம்மாவின் மகள் இருக்கின்றார். எனக்கு அவர் சொந்த அக்காதான். அவருடைய மகள், என் பெறாமகள், 2009ஆம் ஆண்டு தை மாதம் வன்னியில் பிறந்தவள். பிறந்து நான்கு மாதங்களில் தகப்பனைக் காணவில்லை. இன்றுவரை அத்தானைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பிள்ளையை வயிற்றோடு கட்டிக்கொண்டு படுத்த அக்கா, 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சன் சீ என்ற கப்பலில் கனடாவின் மேற்குக் கரையைச் சென்றடைந்தார். அந்தக் கப்பலில் 492 பேர் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 63 பேர், பிள்ளைகள் 49 பேர். கரை சேர்ந்த பின்னரும் தடுப்பில் சில மாதங்கள். அங்கும் தாயும் பிள்ளையும் ஒரே அறை, ஒரே கட்டில்.

இப்போது அக்கா காலையில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். மாலையில் ஒரு கோப்பிக் கடையில் வேலை. பிள்ளைக்குப் பதினைந்து வயது. இந்தப் பதினைந்து வருடத்தில் ஓர் இரவுகூட அவர்கள் பிரிந்து படுத்ததில்லை.

அந்தப் பிள்ளைதான் விடுதிக்குப் போகக் கேட்டாள்.

வயலினும் ஒரு கடிதமும்

ஆரம்பப் பாடசாலையில் இரவல் கொடுத்த வயலினில் தொடங்கியது அவளுடைய படிப்பு. வீட்டில் ஒருவருக்கும் சங்கீதம் தெரியாது. வார இறுதியில் ஒரு தமிழ் ஆசிரியையிடம் நம் சங்கீதமும், பாடசாலையில் மேற்கத்தேயச் சங்கீதமும் படித்தாள். நான் போய் நின்ற முதல் கிழமையிலேயே கவனித்தேன், அவளை 'வாசி' என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. 'நிற்பாட்டு' என்றுதான் சொல்ல வேண்டும். தொடர்மாடிக் குடியிருப்பு என்பதால் இரவு எட்டு மணிக்குப் பிறகு வாசிக்க முடியாது. குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, துணியைச் சுற்றி வைத்து வாசிப்பாள்.

பாடசாலை இசை ஆசிரியர் ஒருவர்தான் இன்ரர்லொக்கன் கலைப் பாடசாலையைப் பற்றி அவளுக்குச் சொன்னவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள தனியார் விடுதிப் பாடசாலை அது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பொதுப் பாடங்களோடு இசை, நடனம், நாடகம், ஓவியம், எழுத்து, திரைப்படம் ஆகியவற்றுள் ஒன்றை முதன்மையாகப் படிப்பிக்கிறார்கள். கட்டணம் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு எழுபதாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். நம் காசில் இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் உண்டு என்று அவர்களின் கடிதத்தில் இருந்தது. அதைப் பிள்ளை மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருந்தாள்.

அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு, "நீ சமூகவியல் படிச்சனி. பிள்ளையளோட வேலை செய்யிறனி. நீ வந்து பார்த்திட்டுச் சொல்லு. நான் பார்த்தால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அது சரியோ பிழையோ எண்டு எனக்கே தெரியாது" என்றார்.

தன் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றது என்று தெரிந்து, இன்னொரு கண்ணைத் துணைக்கு அழைத்த தாய் அவர். அது எல்லோராலும் முடிவதில்லை.

பாலத்தைக் கடந்து

ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் கனடாவில் நன்றி நவிலும் நாள் விடுமுறை. ஞாயிறு விடியப்புறம் புறப்பட்டோம். ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர். சார்ணியா என்ற ஊரில் புளூ வோட்டர் பாலத்தைக் கடந்தால் அமெரிக்கா. முன்னர் ஒரு பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற போது எடுத்த விசா எனக்குக் கைகொடுத்தது. அக்காவிடமும் பிள்ளையிடமும் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது.

இருந்தும் சீருடை அணிந்த அதிகாரி கண்ணாடிக்குள்ளால் குனிந்து பார்த்தபோது அக்காவின் கை பின்னால் நீண்டு பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "தகப்பன் எங்கே?" என்று அவர் கேட்டார். பிள்ளையோடு எல்லை கடக்கும்போது வழமையாகக் கேட்கும் கேள்விதான். பிள்ளையே பதில் சொன்னாள்: "போரில் காணாமல் போய்விட்டார்." அதிகாரி ஒரு கணம் பேசாமல் நின்று, கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தார். பாலத்தைக் கடந்து நெடுநேரம் வரை அந்தக் கை முழங்காலில்தான் இருந்தது.

பிளின்ற் நகரம் தாண்டி வடக்கே போகப் போக வீடுகள் குறைந்தன. இருமருங்கும் காடு. மேப்பிள் மரங்கள் சிவந்தும் மஞ்சளாகியும் நின்றன. இடையிடையே கரும்பச்சையாகப் பைன் மரங்கள். "முறிகண்டிப் பக்கம் மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா. நிறம் வேறு, மரம் வேறு. ஆனாலும் காட்டுக்கு நடுவே நேராக ஓடும் றோட்டுக்கு எங்கும் ஒரே சாயல்தான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியின் பெரும் பைன் காடுகளையெல்லாம் மர வியாபாரிகள் வெட்டித் தள்ளினார்கள். எஞ்சிய ஒரு துண்டைக் காப்பாற்ற 1917ஆம் ஆண்டு மாநில அரசு எடுத்துக்கொண்டதுதான் இன்ரர்லொக்கன் மாநிலப் பூங்கா. பாடசாலை அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. எங்கள் வன்னியில் பாலையும் முதிரையும் லொறிகளில் போவதைப் பார்த்த எனக்கு, வெட்டாமல் விட்ட அந்த மரங்களின் கீழ் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது.

பாடசாலைக்கு ஒரு பக்கம் கிறீன் ஏரி, மறுபக்கம் டக் ஏரி. ஏரிகளுக்கு இடைப்பட்ட இடம் என்பதே இன்ரர்லொக்கன் என்ற பெயரின் பொருள். 1928ஆம் ஆண்டு ஜோசப் மடி என்ற இசை ஆசிரியர் கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்து இங்கே ஓர் இசை முகாம் தொடங்கினார். பல ஊர்ப் பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒன்றாக வாத்தியக் குழுவில் வாசித்துவிட்டுப் பிரிய மனமின்றி நின்றதைக் கண்டதுதான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. அந்த முகாம் இன்றும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கின்றது. வருடம் முழுவதும் நடக்கும் விடுதிப் பாடசாலை 1962இல் ஆரம்பமானது.

மரங்களுக்குள் கேட்ட ஒலி

திங்கள் காலை பார்வையிடச் சென்றோம். முதலில் காதில் விழுந்தது சங்கீதம் என்று சொல்ல முடியாது. ஒரே வரியை ஒருவர் பத்துத் தரம் பிழையாக வாசிக்கும் ஒலி அது. மரங்களுக்கு இடையே சின்னச் சின்னக் குடில்கள் இருந்தன. ஒருவர் நின்று பயிற்சி செய்யும் அளவுதான் ஒவ்வொன்றும். பிள்ளை அவற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "சித்தி, இதுக்குள்ள எவ்வளவு நேரம் வாசிச்சாலும் ஒருத்தரும் சுவரில தட்ட மாட்டினம்" என்றாள்.

குளியலறைக்குள் துணி சுற்றி வாசித்த பிள்ளையின் சொல் அது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிரெஸ்கி அரங்கம் என்ற பெரிய மண்டபத்தைக் காட்டினார்கள். கூரை உண்டு, பக்கச் சுவர்கள் இல்லை. ஏறக்குறைய நாலாயிரம் பேர் இருக்கலாம். மேடைக்குப் பின்னால் ஏரி தெரியும். கோடை முகாமில் கச்சேரி முடிந்ததும் ஒரு சிறிய இசைப் பகுதியை வாசிப்பார்கள். அது ஹவார்ட் ஹான்சன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இரண்டாவது சிம்பொனியிலிருந்து எடுத்தது. அது முடிந்த பின் கைதட்டுவதில்லை. அத்தனை பேரும் பேசாமல் எழுந்து போவது அங்கு வழக்கம். அக்கா அந்த வெறுமையான வாங்குகளையும் ஏரியையும் பார்த்தபடி, "இவ்வளவு சனமும் சத்தமில்லாமல் போறதெண்டால் பயத்திலதான் போகும் எண்டு நினைச்சன். இப்படியும் போகலாம்போல" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோடை முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீல நிறச் சீருடை. செல்வந்தர் பிள்ளையும் உதவிப்பணத்தில் வந்த பிள்ளையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். எங்கள் நாட்டு வெள்ளைச் சீருடையின் நோக்கமும் அதுவே அல்லவா? ஆனால் சீருடைக்குக் கீழே சப்பாத்து வேறாகத்தான் இருக்கும், விடுமுறைக்குப் போகும் வீடும் வேறாகத்தான் இருக்கும் என்பதை விடுதியில் படித்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

விடுதிக் கட்டடத்துக்குப் போனோம். பிள்ளைகளோடு அதே கட்டடத்தில் பொறுப்பாளர்களும் தங்குகின்றனர். அங்கே நான் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன.

கேட்டே ஆகவேண்டிய கேள்வி

அழகான இடம், நல்ல பெயர், பெரிய மனிதர்கள் கொடுக்கும் நன்கொடை, இவற்றைப் பார்த்ததும் பெற்றோர் கேள்வி கேட்க வெட்கப்படுகின்றனர். இங்கேயும் அந்தப் பாடம் உண்டு. பின்னாளில் சிறுமியரைத் துன்புறுத்திய குற்றத்துக்காக உலகமெங்கும் அறியப்பட்ட ஜெஃப்ரி எப்ஸ்ரீன் என்ற செல்வந்தர் 1990களில் இந்நிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்தவர். அவருடைய பெயரில் வளாகத்தில் ஒரு தங்கும் வீடே இருந்தது. 1994ஆம் ஆண்டுக் கோடை முகாமுக்கு வந்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அவரும் அவருடைய தோழியும் இங்கேதான் சந்தித்துப் பழகினர். தகப்பனை இழந்து, வீட்டில் பணத்தட்டுப்பாடும் இருந்த பிள்ளை அவள். பின்னர் நடந்த கொடுமைகளை அந்தப் பெண் வளர்ந்த பின் 2021ஆம் ஆண்டு நியூயோர்க் நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொன்னார். அவருக்குத் தண்டனை கிடைத்ததை அறிந்த பின்னர் பாடசாலை அவருடைய பெயரை அகற்றி, தொடர்பையும் நிறுத்தியது.

இதை எழுதுவது அந்தப் பாடசாலையைத் தூற்றுவதற்காக அல்ல. தகப்பன் இல்லாத பிள்ளை, காசு முடைப்பட்ட தாய், உதவி செய்ய முன்வரும் பெரிய மனிதர் என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஆபத்து எந்த நாட்டிலும் ஒன்றுதான். எங்கள் ஊர்களில் நான் கையாண்ட முறைப்பாடுகள் பலவற்றிலும் இந்த மூன்றும் இருந்தன.

ஆகவே சுற்றிக் காட்டிய அலுவலரிடம் நேராகவே கேட்டேன். வெளியார் பிள்ளைகளைத் தனியே சந்திக்க முடியுமா? உதவிப்பணம் கொடுப்பவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியுமா? தனியே வயலின் படிப்பிக்கும் அறையின் கதவில் கண்ணாடி இருக்கின்றதா? இரவில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் யார் கதவைத் தட்டுவது? அவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார், தெரியாததைக் குறித்துக்கொண்டார். கேள்விக்குக் கோபிக்காத இடம் என்பதே முதல் நல்ல அடையாளம் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, "இதெல்லாம் கேக்கலாம் எண்டே எனக்குத் தெரியாது" என்றார்.

அன்றிரவு

ரவேர்ஸ் சிற்றி என்ற பட்டினத்தில் மலிவான ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தோம். செறிப் பழத்துக்குப் பெயர்போன ஊர். காலையில் வாங்கிய செறிப்பழ ஜாமையும் பாணையும் வைத்துச் சாப்பிட்டோம். பிள்ளை களைத்துத் தூங்கிவிட்டாள். அக்கா தூங்கவில்லை.

"நீயும் விடுதியில வளர்ந்தனிதானே. உண்மையைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். 2000ஆம் ஆண்டு அப்பா ஷெல் விழுந்து இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவிடம் மூன்று பிள்ளைகள். ஒரு சிறுமியர் இல்லத்தில் என்னைச் சேர்த்தார். அங்கே மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் கிடைத்தன. அந்த இல்லம் இல்லாவிட்டால் நான் பல்கலைக்கழகம் போயிருக்க மாட்டேன். அது உண்மை. அம்மா மாதம் ஒரு தடவை வருவார். வரும்போது சிரித்துக்கொண்டு நிற்பேன். போனதும் கிணற்றடியில் போய் முகம் கழுவுவேன். அதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டையும்விட என் மனதில் தங்கியது ஒன்றுதான். போகிறாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்க வழி இருக்கவில்லை என்பதை வளர்ந்த பிறகு விளங்கிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. தன்னைக் கழித்துவிட்டார்கள் என்றே அவள் நினைத்தாள்.

அக்கா கன நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உன்னை அனுப்பினது உயிரைக் காப்பாத்த. இவள் கேக்கிறது வாசிக்க. இரண்டும் ஒண்டில்லை. ஆனால் என்ர வயித்துக்கு இரண்டும் ஒண்டாத்தான் கிடக்கு."

அந்த வசனத்தை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். போர் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம், பிரிந்தால் திரும்ப மாட்டார்கள் என்பது. அந்தப் பாடம் அன்று சரியாக இருந்தது. அதனால்தான் பலர் பிழைத்தோம். இன்று எங்கள் பிள்ளைகள் பேருந்து ஏறுவதற்கும் பல்கலைக்கழகம் போவதற்கும் அதே பாடத்தையே அளவுகோலாக வைத்திருக்கின்றோம்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கீறினேன். ஒரு பக்கம் 'பயம்' என்றும் மறுபக்கம் 'கணக்கு' என்றும் எழுதினேன். இரண்டையும் கலந்து பேசினால் முடிவு வராது. காசில்லை என்று சொல்லும்போது உள்ளே பயம் பேசும். பயமில்லை என்று காட்டுவதற்காகக் கடன்படுவதும் நடக்கும்.

கணக்கு

கணக்குப் பக்கத்தை முதலில் போட்டோம். உதவிப்பணம் கட்டணத்தின் ஒரு பகுதிக்குத்தான் வரும். எவ்வளவு என்பது வசந்த காலத்தில்தான் தெரியும். அதற்கு வெளியே குளிர் உடுப்பு, விடுமுறைக்கு வந்துபோகும் செலவு, வைத்தியக் காப்புறுதி, வயலின் தந்தி, திருத்த வேலை என்று இருக்கின்றன. இப்போது வாசிப்பது பாடசாலையின் இரவல் வயலின் என்பதால், புதிதாக ஒன்று வாங்கவும் வேண்டும். இவையெல்லாம் கட்டணப் பட்டியலில் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் கடைசியில் தாயின் கையில் விழுவது இவைதான்.

அடுத்து, கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது என்ன? சமூகவியலில் பண்பாட்டு மூலதனம் என்று ஒரு கருத்துப் படித்தேன். பியர் பூர்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னது. காசு, காணி போலவே, பழக்கமும் பேச்சும் ஒரு சொத்து. இப்படியான பாடசாலைகள் விற்பதில் பாதி அதுதான். நல்ல ஆசிரியர், நல்ல வாத்தியக் குழு, பெரிய இசைக் கல்லூரிகளுக்குப் போகும் வழி. நோரா ஜோன்ஸ், ஜொஷ் குரோபன் ஆகிய பாடகர்கள் இளமையில் இன்ரர்லொக்கன் வந்தவர்கள். அலாஸ்காவிலிருந்து வந்த ஜுவல் என்ற பாடகி உதவிப்பணம் பெற்று இங்கு படித்து 1992இல் வெளியேறினார். உதவிப்பணம் போக மிச்சக் காசைச் சேர்க்க அவருடைய ஊரவர்கள் உதவினர். எங்கள் ஊர்ச் சங்கங்கள் செய்வது போலத்தான்.

ஆனால் பெயர் பெற்ற ஒருவருக்குப் பின்னால் பெயர் தெரியாத நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் பலர் ஆசிரியராகவோ வைத்தியராகவோ வேறு தொழிலிலோ இருப்பார்கள். அது தோல்வி அல்ல. ஆனால் கடன்பட்டு அனுப்பிய தாய்க்கு அது தோல்வியாகத் தெரியும், அந்தப் பார்வையைப் பிள்ளை சுமக்க வேண்டி வரும்.

இன்னொன்றும் எழுதினோம். ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் என்ற அரசாங்கக் கலைப் பாடசாலை இருக்கின்றது. கட்டணம் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வரலாம். காட்டுக் குடிலும் ஏரியும் அங்கே இல்லை. சுவரில் தட்டும் அயலவர் பிரச்சினையும் அப்படியே இருக்கும். இருந்தும் அது ஒரு வழி. தொலைவில் உள்ள பெரிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்துப் படலை கண்ணில் படுவதில்லை. எங்கள் நாட்டிலும் அப்படித்தான். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வளர்ந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கை நிறுவனம் இருக்கின்றது. இரண்டிலும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளை காசு கட்டாமல் படிக்கலாம். இதைத் தெரியாத தாய்மார் பலரை நான் சந்தித்திருக்கின்றேன்.

காலையில் அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுத்தோம். வாசித்துவிட்டு அவள் 'பயம்' என்ற பக்கத்தில் தன் கையாலும் ஒரு வரி எழுதினாள்: "அம்மா தனியே இருப்பார்." தன் ஆசைக்கு நடுவிலும் அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறாள். அக்கா அதை வாசித்துவிட்டு, "அது என்ர பாடு பிள்ளை. அதை நீ உன்ர கணக்கில எழுதாதை" என்றார். ஆனாலும் அந்த வரியை வெட்டவில்லை.

முடிவு

விண்ணப்பித்தார்கள். 2025 வசந்தத்தில் அனுமதி கிடைத்தது. உதவிப்பணமும் கிடைத்தது. மிச்சமாக வருடத்துக்குப் பதினெட்டாயிரம் அமெரிக்க டொலர் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு அது அக்காவின் ஒரு வருட முழுச் சம்பளத்தையும் தாண்டும். வங்கியில் கடன் எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நுண்கடன் கட்ட முடியாமல் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கின்றேன். அதைத் தொலைபேசியில் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு அவர்களுடையது.

அக்காவும் பிள்ளையும் கூடிப் பேசி, வருடப் படிப்புக்கு இல்லை என்று முடிவெடுத்தார்கள். பிள்ளை இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் வெக்ஸ்போர்ட்டைப் பற்றித் தானே விசாரித்தாளாம். அதோடு ஒன்றை அக்காவே முன்வந்து சொன்னார்: அந்த ஏரிக்கரையில் கோடை முகாமுக்கு மூன்று வாரம் போகட்டும். உதவிப்பணத்தோடு மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து கட்டலாம், கடன் வேண்டாம். வேண்டாம் என்று சொன்னது கணக்கு மட்டும்தான், பயம் அல்ல என்பதைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

சகோதரிகளே, உங்களுக்கு

இது அமெரிக்கக் கதை, எங்களுக்கு ஏன் என்று நினைக்க வேண்டாம். பட்டினத்து விடுதிக்கோ, விளையாட்டுப் பாடசாலைக்கோ, சிறுமியர் இல்லத்துக்கோ மகளை அனுப்பும் போதும் இதே தாளை எடுத்து நடுவே கோடு கீறலாம்.

பயத்தின் பக்கத்தில் இவற்றைக் கேளுங்கள். இரவில் அந்தக் கட்டடத்தில் எந்தப் பெரியவர் படுக்கிறார்? பிள்ளை யாருடைய அனுமதியும் இல்லாமல் எனக்குத் தொலைபேசி எடுக்க முடியுமா? நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க முடியுமா? உதவி செய்பவர் பிள்ளையைத் தனியே சந்திக்கிறாரா? இவற்றைக் கேட்டதற்காக யாராவது கோபித்தால் அந்தக் கோபமே உங்களுக்குப் பதில். ஏதும் பிழை நடந்ததாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளைக்கும் அந்த இலக்கத்தைப் பாடமாக்கிக் கொடுங்கள்.

கணக்கின் பக்கத்தில், பட்டியலில் இல்லாத செலவுகளை எழுதுங்கள். இடையில் நிறுத்தினால் காசு திரும்புமா என்று கேளுங்கள். பக்கத்தில் இலவசமாக உள்ள வழியையும் எழுதுங்கள். கடன் எடுத்தால்தான் முடியும் என்றால், அந்தக் கடனைப் பிள்ளை அறிவாளா என்று யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அனுப்புவதென்றாலும் கேளுங்கள், அனுப்பாவிட்டாலும் கேளுங்கள். பதில் எப்படி இருந்தாலும், தன்னைக் கேட்டார்கள் என்பதை அவள் மறக்க மாட்டாள்.

2025 ஆடி மாதம் பிள்ளை முகாமுக்குப் போனாள். அக்காவே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியே திரும்பி வந்தார். முதல் ஒரு கிழமையும் இரவு இரவாக எனக்குத் தொலைபேசி எடுத்தார். இங்கே எனக்கு விடிந்து வேலைக்குப் புறப்படும் நேரம், அங்கே அவருக்கு நித்திரை வராத சாமம். பிள்ளையின் கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்தேன் என்றார் ஒரு நாள். இன்னொரு நாள் ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டார்.

எட்டாம் நாள் அழைப்பு வரவில்லை. பயந்துபோய் நானே எடுத்தேன். பதில் இல்லை. மத்தியானம் கூட்டமொன்றில் இருந்தபோது அவரே எடுத்தார்.

"ஒண்டுமில்லையடி தங்கச்சி. இப்பதான் எழும்பினன். நித்திரை கொண்டிட்டன்" என்றார்.